கோட்டைக்கு வெளியே ஒரு கோயில்

(அணைக்கட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னைப் பாரிமுனையில் இருக்கிற ஒரு கோயிலைப் பற்றி அணைக்கட்டில் வந்து பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அதற்கு விடை நமக்கு மிகப் பக்கத்தில், பள்ளிகொண்டாவில் இருக்கிறது. சென்னைப் பேராயராக இருந்த யூஜின் மெதர்லே 1934 டிசம்பரில் இந்தப் பக்கம் வந்த இடத்தில், பள்ளிகொண்டாவிலேயே காலமானார். சென்னைப் பேராயருக்குப் பாலாற்றங்கரையில் என்ன வேலை? அப்போது இது அவர் பொறுப்பில் இருந்த மண். 1952 நவம்பர் 13ஆம் தேதி வேலூர் தனி மறைமாவட்டமாகப் பிரியும் வரை வேலூர்க் கத்தோலிக்கர்களுக்குச் சென்னைதான் தலைமையிடம். அந்தப் பேராயரின் கோயில் ஆர்மேனியன் தெருவில் இருக்கும் புனித மரியன்னை கோயில். ஊர்க்காரர்கள் அரண்மனைக்காரத் தெரு என்பார்கள். ‘பாரிமுனை அந்தோணியார் கோயில்’ என்றால் இன்னும் சுலபமாக வழி சொல்வார்கள்.

நம் வட்டாரத்தில் கிறிஸ்தவம் என்றதும் நினைவுக்கு வருவது அமெரிக்க ஆற்காடு மிஷனும் ஸ்கடர் குடும்பமும்தான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கிறது. ஆம்பூரில் லூத்தரன் சபைக்காரர்களின் பெதஸ்தா ஆஸ்பத்திரியை அறியாதவர் இல்லை. இந்த வரலாறுகள் ஓரளவு எழுதப்பட்டிருக்கின்றன. கத்தோலிக்க வரலாறு அப்படிப் பேசப்படவில்லை. அதைப் பேச வேண்டுமென்றால் ஆர்மேனியன் தெருவிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தக் கோயில் கோட்டைக்குள் இருந்த காலத்தில் ஆள்பவர்களின் தயவில் இருந்தது. கோட்டையை விட்டு வெளியே தள்ளப்பட்ட பிறகுதான் அது ஊர்க் கோயில் ஆயிற்று. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கோயிலின் தெரு வாயிலில் 1642 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. உள்ளே நிற்கும் கட்டடத்துக்கு அவ்வளவு வயதில்லை. அது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. அப்படியானால் 1642 எதைக் குறிக்கிறது? ஒரு மனிதர் சென்னைக்கு வந்து சேர்ந்ததைக் குறிக்கிறது. எஃப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி அவர். சூரத்திலிருந்து கிளம்பி, கோல்கொண்டா வழியாகக் கிழக்குக் கரைக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறிப் பர்மாவின் பெகுவுக்குப் போவதாக இருந்தவர். சென்னையில் கப்பலுக்குக் காத்திருந்தபோது அங்கே இருந்தவர்கள் அவரைப் போக விடவில்லை.

ஏன் விடவில்லை என்பது கவனிக்க வேண்டிய சங்கதி. ஆங்கிலேயக் கம்பெனி 1639-ல் இடம் வாங்கி, மறு ஆண்டு ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியிருந்தது. மணல்மேட்டில் வெறும் கோட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது. சிப்பாய் வேண்டும், துவிபாஷி வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும். இவர்கள் எல்லோரும் தெற்கே மூன்று நான்கு மைல் தூரத்தில், போர்த்துகீசியரின் சாந்தோமில் இருந்தார்கள். வந்து குடியேறுங்கள் என்று கம்பெனி அவர்களை அழைத்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். போர்த்துகீசியரும் கலப்பு மணத்தில் பிறந்தவர்களும் தமிழர்களும் அதில் உண்டு. அவர்களுக்குப் பூசை வைக்கச் சாந்தோமிலிருந்து சாமியார்கள் வருவார்கள். சாமியாரோடு போர்த்துகீசிய அரசின் காதும் கோட்டைக்குள் வந்துவிடுமே என்று ஆங்கிலேயர் பயந்தார்கள். போர்த்துகலுக்குக் கட்டுப்படாத ஒரு கத்தோலிக்கச் சாமியார் தானாக வந்து சேர்ந்தது அவர்களுக்குப் பெரிய வசதியாயிற்று. கோட்டைக்குள் இடம் கொடுத்தார்கள். புனித அந்திரேயா பெயரில் சிறிய கோயில் எழுந்தது. புராட்டஸ்டன்ட் கம்பெனியின் கோட்டையில் முதலில் எழுந்தது கத்தோலிக்கக் கோயில். அதே கோட்டைக்குள் இருக்கும் ஆங்கிலிக்கன் புனித மேரி ஆலயம் 1680-ல்தான் அர்ச்சிக்கப்பட்டது.

எஃப்ரேம் பல மொழி அறிந்தவர். கோட்டையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். சென்னையின் ஆங்கிலக் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவருடைய செல்வாக்கு வளர வளர சாந்தோமில் எரிச்சலும் வளர்ந்தது. கீழை நாடுகளில் யார் மேற்றிராணியாராக இருப்பது, யார் பங்கு நடத்துவது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் உரிமையைப் போப்பாண்டவர் போர்த்துகல் அரசருக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பத்ரோவாதோ என்று பெயர். அதை மீறி வந்தவர் இந்தப் பிரெஞ்சுக்காரர் என்பது அவர்கள் வாதம். 1649-ல் அவரைத் தந்திரமாகச் சாந்தோமுக்கு வரவழைத்துப் பிடித்து, கோவாவின் விசாரணை மன்றத்துக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கொள்கைப் பிழை என்று குற்றம் சாட்டினார்கள். அடியில் இருந்தது அதிகாரப் போட்டி. சுமார் இரண்டு ஆண்டுகள் அவர் அங்கே சிறையில் இருந்தார்.

அவரை மீட்டது யார் என்று பார்த்தால் அந்தக் காலத்துச் சென்னையின் முகம் தெரியும். அவருடைய தோழர் செனோன் என்ற கப்புச்சின் துறவி ஊர் ஊராக அலைந்து நியாயம் கேட்டார். கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் துணை நின்றார்கள். கோல்கொண்டாவின் முஸ்லிம் அரசு சாந்தோமுக்கு நெருக்கடி கொடுத்தது. ரோமாபுரியிலிருந்தும் உத்தரவு போயிற்று. ஒரு கத்தோலிக்கத் துறவியைக் கத்தோலிக்க மன்றத்திடமிருந்து விடுவிக்கப் புராட்டஸ்டன்ட் வியாபாரிகளும் முஸ்லிம் அரசும் கை கோத்தார்கள். ஊரில் மதம் ஒரு கணக்கு, உறவு இன்னொரு கணக்கு. நம் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழிலில் பழகியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1675-ல் கோட்டைக்குள் அந்திரேயா கோயிலைப் பெரிதாகக் கட்டித் திறந்தபோது கவர்னர் லாங்ஹார்ன் பீரங்கி முழங்க மரியாதை செய்தார். லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் அதற்காக அவரைக் கண்டித்தார்கள். தயவு என்பது இப்படித்தான். இன்று பீரங்கி மரியாதை, நாளைக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது.

அந்த நாளை 1746-ல் வந்தது. பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தார். மூன்று ஆண்டு கழித்து, 1749-ல், உடன்படிக்கைப்படி ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. திரும்பியதும் யார் நமக்கு உண்மையாக இருந்தார்கள், யார் உளவு சொன்னார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். கப்புச்சின்கள் பிரெஞ்சுக்காரர்கள். கத்தோலிக்கர் அனைவர் மீதும் சந்தேகம் விழுந்தது. கோட்டைக்குள் கத்தோலிக்கச் சாமியார் இருக்கக் கூடாது, கோயில் இருக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. 1752ஆம் ஆண்டளவில் அந்திரேயா கோயில் இடிக்கப்பட்டது. ஆர்மேனியரும் கோட்டைக்குள் குடியிருக்கக் கூடாது என்று தடை வந்தது.

இதில் மிகவும் வருந்த வேண்டியது கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வியாபாரியின் கதை. பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும், சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே போட்ட மர்மலாங் பாலமும் அவர் தம் சொந்தப் பணத்தில் கட்டியவை. பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சேர மறுத்துச் சொத்தை இழந்தவர். 1751-ல் இறந்து, வேப்பேரியில் தாம் கட்டிய மாதா கோயிலில் அடக்கமானார். அவர் கண்மூடிய மறு ஆண்டே அந்தக் கோயிலையும் கத்தோலிக்கரிடமிருந்து பறித்துப் புராட்டஸ்டன்ட் மிஷனிடம் கொடுத்தார்கள். விசுவாசமாக நின்றவனுக்கும் கோட்டை கொடுத்த கூலி அதுதான்.

ஆங்கிலேயரை மட்டும் குறை சொன்னால் நியாயம் ஆகாது. 1748-ல் புதுச்சேரி முற்றுகையின்போது பிரெஞ்சு ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதி வைத்திருக்கிறார். அங்கே கத்தோலிக்கர் இடித்தார்கள், இங்கே கத்தோலிக்கரின் கோயில் இடிக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே நான்கு ஆண்டுதான்.

சென்னையில் கதை அதோடு நிற்கவில்லை. கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி அப்போது கறுப்பர் நகரம் இருந்தது. எதிரி வீட்டுச் சுவர்களுக்குப் பின்னால் மறைந்து வந்து சுடுகிறான் என்று சொல்லி, 1750களில் அந்த நகரத்தையே இடித்து வெட்டவெளியாக்கினார்கள். நடுவில் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற பக்கம் அது. பிறகு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியில் பூக்கடை அருகே சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில் எழுந்தது. ஆர்மேனியர் 1712-ல் முதலில் கட்டிய கோயில் அழிந்து, இப்போதுள்ளது 1772-ல் எழுந்தது. கப்புச்சின்களுக்கு இழப்பீடு கிடைக்கப் பல ஆண்டு ஆயிற்று. கிடைத்ததும் ஆர்மேனியன் தெருவில், முன்பு கல்லறைத் தோட்டமாக இருந்த தங்கள் நிலத்தில் சம்மனசுகளின் மாதா பெயரில் கோயில் கட்டினார்கள்.

ஜார்ஜ் டவுனில் நடந்து பாருங்கள். பெருமாள் கோயிலும் ஆர்மேனியக் கோயிலும் மரியன்னை கோயிலும் சில நிமிட நடைத் தூரத்தில் இருக்கின்றன. மூன்றும் இடம் பெயர்க்கப்பட்டவை. மூன்றையும் பெயர்த்தது ஒரே கோட்டை. இதை மத நல்லிணக்கத்துக்கு அடையாளம் என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒரே அடியைப் பட்டவர்கள் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் குடியேறி, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களாகவும் அண்டை வீட்டாராகவும் வாழப் பழகினார்கள் என்பதுதான்.

இனிக் கட்டடத்துக்கு வருகிறேன். பார்க்கப் போகிறவர்கள் சாந்தோமை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்து விடுவார்கள். சாந்தோம் பேராலயம் 1896-ல் எழுந்த கோத்திக் பாணிக் கட்டடம், வானைக் குத்தும் ஊசிக்கோபுரம் உடையது. மயிலாப்பூரின் லஸ் கோயில் போர்த்துகீசியர் கட்டியது, 1516 என்று கல்வெட்டு சொல்கிறது. பிரகாச மாதா என்று அங்கே வணங்குகிறார்கள். ஆர்மேனியன் தெருக் கோயில் இரண்டு வகையிலும் சேராது. சந்தைத் தெருவில் மதிலுக்குள் ஒதுங்கி, கடல் காற்றுக்கும் வெயிலுக்கும் தக்கபடி எழுந்த கோயில் அது. கூச்சலும் லாரியும் தலைச்சுமையுமாக இருக்கும் தெருவிலிருந்து வாயிலுக்குள் ஓர் அடி வைத்தால் முற்றம் வருகிறது. ஜார்ஜ் டவுனில் வெட்டவெளி என்பது தங்கம். அந்த முற்றமே பாதிக் கோயில் என்பேன். ஜனம் கூடுவதும் காத்திருப்பதும் மெழுகுதிரி வாங்குவதும் கவலையைச் சொல்லி அழுவதும் அங்கேதான்.

அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்களை நிறுத்தியது சுண்ணாம்பு. இதை நம் ஊர்க்காரர்களிடம் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். அரைக்கும்போது வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரை விடுவார்கள். வெல்லம் சாந்துக்கு இறுக்கம் தரும். கடுக்காயின் துவர்ப்பும் அதற்குத் துணை. கடைசிப் பூச்சுக்கு நைசான சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் தயிரும் நெய்யும் சேர்த்து, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்ப்பார்கள். தேய்த்த சுவர் சலவைக்கல் போல மின்னும். மெட்ராஸ் சுண்ணாம்பு என்று வெள்ளைக்காரப் பயணிகள் வியந்து எழுதியது அதைத்தான். கூரைக்குத் தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைக்குக் குறுக்காக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று இன்றும் மேஸ்திரிகள் சொல்கிறார்கள்.

கடுக்காயும் சுண்ணாம்பும் என்றதும் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்கிறேன். தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள், பார்த்தவர்களின் பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிரைக் கழற்றி, சவ்வை வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்தி, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுத்து எண்ணெய் பூசினால் அது ஈ.ஐ. தோல், கிழக்கிந்தியத் தோல். ஆவாரம்பட்டை மட்டும் போட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்து போகும். கடுக்காய் அந்தக் குறையைத் தீர்த்தது. அந்தக் கடைசிக் கடுக்காய் முறையைக் கொண்டு வந்தவர் புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் தெ சூசா என்ற யூரேஷியர், காலம் 1840கள் என்று தொழில் வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். ஆர்மேனியன் தெருவின் ஞாயிறு பூசையில் உட்கார்ந்த அதே கலப்புச் சமூகத்தின் பெயர் அது. நம் ஜவ்வாது மலையில் பொறுக்கிய கடுக்காய் இங்கே தொட்டிக்குப் போனது. அதே சரக்கு அங்கே சாந்துக்கும் பயன்பட்டது. தோலையும் சுவரையும் கெடாமல் காத்தவை ஒரே இரண்டு பொருள்கள். இரண்டு வேலையிலும் கை வெந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

19ஆம் நூற்றாண்டைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கிறேன். 1832-ல் ரோமாபுரி சென்னையைத் தன் நேர் பொறுப்பில் எடுத்தது. அயர்லாந்திலிருந்து மேற்றிராணியார்கள் வந்தார்கள். டேனியல் ஓ’கானர், பிறகு ஃபென்னலி சகோதரர்கள் இருவர், பிறகு கோல்கன். கம்பெனிப் பட்டாளங்களில் ஐரிஷ் கத்தோலிக்கச் சிப்பாய்கள் நிறைய இருந்ததும் அதற்கு ஒரு காரணம். கோயில் வளாகத்தில் 1839-ல் புனித மேரி பள்ளி எழுந்தது. 1886-ல் சென்னை உயர்மறைமாவட்டம் ஆனபோது இந்தக் கோயில் பேராலயம் ஆயிற்று. ஆனால் அதே ஊரில் சாந்தோமில் போர்த்துகீசிய உரிமையில் இன்னொரு மேற்றிராணியார் இருந்தார். ஒரே தெருவில் ஒரு வீடு இவருக்கு, அடுத்த வீடு அவருக்கு என்ற நிலை. எஃப்ரேமைச் சிறையில் தள்ளிய அதே சண்டை மூன்று நூற்றாண்டு நீண்டது என்று புரிந்துகொள்ளுங்கள். சனங்களும் சும்மா இருக்கவில்லை. துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில் அலையைக் கிழித்துக் கப்பலுக்குப் படகோட்டிய குலத்தார் இராயபுரத்தில் தங்கள் உழைப்பில் இராயப்பர் கோயிலைக் கட்டினார்கள். கட்டியவர்கள் நாங்கள், யாரைச் சாமியாராக ஏற்பது என்பதையும் நாங்களே சொல்வோம் என்று உரிமை பேசினார்கள். அந்தத் துணிச்சலுக்கு நான் தலை வணங்குகிறேன்.

1856 ஜூலை 1ஆம் தேதி அதே இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பி, நம் வாலாஜா ரோடு வரை வந்தது. அதற்குப் பிறகு பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் என்று நீண்டது. பதப்பட்ட தோல் பெரியமேட்டு மண்டிக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் போயிற்று. தோலோடு ஆளும் போனார்கள். போன இடத்தில் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தார்கள். ஏற்றியவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்ல.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை. பதுவை அந்தோணியார் 1231-ல் இறந்து, அடக்கம் செய்யப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால் உலகம் முழுக்க அது அவர் நாள். சென்னையில் அது மூட்டை தூக்குகிறவர், கடைச் சிப்பந்தி, வக்கீல் குமாஸ்தா, பூக்கார அம்மா எல்லோருடைய நாள். புர்கா போட்ட தாய் கைக்குழந்தையோடு நிற்பதையும், நெற்றியில் திருநீறோடு ஒருவர் முழங்காலிடுவதையும் அங்கே பார்க்கலாம். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று அந்தோணியாரிடம் நம்பிக்கை. வீடு, வேலை, பிள்ளை என்று ஏதாவது ஒன்றை ஊரில் தொலைத்துவிட்டுப் பட்டணம் வந்தவர்களுக்கு அவரைவிடப் பொருத்தமான புனிதர் யார்? கோட்டைக்குள் இருந்த அந்திரேயா கோயிலுக்கு இந்த ஜனம் வந்திருக்க முடியாது. வாயிலில் காவல் நின்றிருக்கும்.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளியே வந்துவிட்டால் எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த திருக்குடும்பக் கோயிலை இரண்டு கால் போலப் பிரிந்த இரண்டு மண்டபங்களாகக் கட்டினார்கள். பீடம் ஒன்று, மண்டபம் இரண்டு. வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, நடுவில் சுவர். ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பூசையைக் காண்பதற்காக ஒரு கட்டடக்கலையே பிறந்தது. 1910-ல் பங்குச்சாமியார் அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அவர்கள் கோரிக்கை நிற்கவில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் அப்படிச் சுவர் வைத்த கோயில் இருந்ததோ இல்லையோ, கல்லறையிலும் தேர் போகும் தெருவிலும் சுவர் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். பஞ்சத்திலும் பசியிலும் ஞானஸ்நானம் பெற்ற சேரி மக்கள்தான் இந்த மாவட்டத்துத் திருச்சபையின் முதுகெலும்பு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிச் சேத்துப்பட்டில் பிரெஞ்சுக்காரரான தராஸ் சாமியார் செய்த பணியிலிருந்து அந்த வரலாறு விரிகிறது. அது அப்போது புதுவை மிஷனைச் சேர்ந்தது.

சென்னைப் பகுதிக்கு 1928-ல் மெதர்லே பேராயரானார். தொன் போஸ்கோவின் சலேசிய சபைக்காரர். அவரோடு சலேசியர்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கு வந்தார்கள். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போய், கீற்றுக் கொட்டகையில் பூசை வைத்துப் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். பேராலயத்து நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க மெதர்லேவுக்கு வழி இருந்தது. அவர் பள்ளிகொண்டாவுக்கு வந்தார். அடுத்து வந்த லூயி மத்தியாஸும் சலேசியர். 1952-ல் சென்னையும் மயிலாப்பூரும் ஒன்றானபோது சாந்தோம் பேராலயம் ஆயிற்று, ஆர்மேனியன் தெருக் கோயில் இணைப் பேராலயம் ஆயிற்று. அதே ஏற்பாட்டில் வேலூர் தனி மறைமாவட்டமாகி, பாப்லோ மரியசெல்வம் முதல் ஆயரானார். வேலூரின் விண்ணேற்பு அன்னை கோயில் நமக்குப் பேராலயம் ஆனது அப்படித்தான். அதற்கு முந்திய நம் கதையின் ஒரு நுனி ஆர்மேனியன் தெருவில் இருக்கிறது. போய்ப் பார்க்கிறவர்கள் அந்த உரிமையோடு போங்கள்.

கடைசியாக இரண்டு வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, சுவர். நம் ஊர்களில் பழைய சிற்றாலயங்கள் சுண்ணாம்பில் கட்டியவை இன்னும் சில நிற்கின்றன. திருவிழாவுக்கு முன்னால் அவற்றுக்குச் சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்துவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். தண்ணீரிலுள்ள உப்பு சுவருக்குள் பூத்து, நாலைந்து மழைக்குள் பூச்சு பொருமி உதிரும், பழைய செங்கல்லும் மாவாகும். பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் எப்படி உப்பேறிக் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த உப்பு சுவரை மட்டும் விட்டு வைக்காது. பழுது பார்க்க வேண்டுமென்றால் சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியைத் தேடுங்கள். இன்னும் இருக்கிறார்கள். கூலி கொஞ்சம் அதிகம் கேட்பார்கள், கொடுங்கள்.

இரண்டு, ஏடு. ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் இருக்கின்றன. பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஊர், கொடுத்த சாமியார் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. தோல் ஷாப்பில் உழைத்து மாண்ட உங்கள் பாட்டனார் பெயர் எழுதப்பட்டிருக்கும் ஒரே காகிதம் அதுவாகவே இருக்கலாம். கரையானுக்கும் மழைக்கும் அதை விட்டுவிடாதீர்கள். பங்குச்சாமியிடம் அனுமதி வாங்கி, படித்த பிள்ளைகள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பழைய எழுத்தும் லத்தீன் குறிப்புகளும் புரியவில்லை என்றால் படித்துச் சொல்ல நான் வருகிறேன். கூடவே, கோயில் கட்டும்போது கல் சுமந்த, சாந்து அரைத்த பாட்டிமார் யாராவது உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்தச் சூளையிலிருந்து செங்கல் வந்தது, சுண்ணாம்பு எங்கே அரைத்தார்கள், அன்றைக்குக் கூலி என்ன, யார் யார் கூட வேலை செய்தார்கள் என்று கேட்டு, பெயர் பெயராக எழுதி வையுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தின் ஒரு பிரதியைப் பங்குப் பேழையில் வைக்கச் சொல்லுங்கள்.